கடல் தண்ணீரா, உப்புக் கலவையா? வீட்டில் நண்டும் இறாலும் வளர்ப்பவர்களுக்கு

சென்னையில் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, காசு கொடுத்து உப்பு வாங்கிக் கரைத்துக் கடல்நீர் தயாரிப்பானேன்? தொட்டியைப் பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். கோவளம் பக்கமிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீரிலும் தொட்டி வைத்திருக்கிறேன். இப்போது வைத்திருப்பது உப்புக் கலவையில், அதாவது கடல்நீரில் உள்ள சத்துகளைச் சேர்த்துத் தொட்டிக்கென்றே விற்கும் உப்பில். என் சாய்வு கலவைப் பக்கம்தான். மீன் மட்டும் வளர்ப்பதாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். நண்டும் இறாலும் இருப்பதால்தான் சொல்கிறேன்.

செலவு, சுமை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். கடல் தண்ணீர் இலவசம். ஆனால் 20 லிட்டர் கேன் 20 கிலோவுக்கு மேல் கனக்கும், வண்டிச் செலவும் உண்டு. கலவையில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் உப்பு பிடிக்கும். 25 கிலோ வாளி ஒன்றில் ஏறக்குறைய 650 லிட்டர் தண்ணீர் தயாரிக்கலாம். 100 லிட்டர் தொட்டிக்கு வாரம் 10 லிட்டர் மாற்றுகிறவருக்கு அது ஓராண்டைத் தாண்டி வரும்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் அடிக்கடி வரும்: கல்லுப்பு போட்டால் என்ன? அதுவும் கடலிலிருந்து வந்ததுதானே? கூடாது. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது, முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. அதன் பிறகு உப்பு விளைகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடுகின்றன. கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். ஓடு கட்ட வேண்டிய உயிருக்கு அதில் ஒன்றுமில்லை.

இனி முக்கியமான விஷயம். திறந்த கடலில் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். சென்னைக் கரையோரக் கடல் ஆண்டு முழுக்க அப்படி இருப்பதில்லை. ஊரின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. அடையாறும் கூவமும் முட்டுக்காடு கழிமுகமும் அதைக் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே திரும்பி, வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கலந்த உப்புக் குறைந்த நீரையும் கூடவே இழுத்துவருகிறது. ஆகஸ்டில் எடுத்த கேனும் நவம்பரில் எடுத்த கேனும் ஒரே தண்ணீர் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் படர்ந்ததை நினைத்துக்கொண்டால், மழைக்காலத் தண்ணீர்மேல் எனக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்பது புரியும்.

கழிமுகத்தில் வளரும் கீச்சான் மீனும் மடவை மீன் குஞ்சும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாது. உடம்பின் உப்பை அவையே சரிசெய்துகொள்ளும். (கீச்சானை இறால் இருக்கும் தொட்டியில் விடாதீர்கள், தின்றுவிடும்.) கடலிலேயே வாழும் இறால்கள் பலவற்றுக்கு அந்தத் திறமை இல்லை. வெளியே உப்பு குறைந்தால் உடம்புக்குள்ளும் குறையும்.

இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு கட்டும். அந்த நேரத்தில் பார்த்தால் இது விளங்கும். கிளீனர் இறால் (மீனின் மேல் ஒட்டும் உண்ணிகளைத் தின்னும் இறால்) ஒரு நாள் முன்பிருந்தே தீனி தொடாமல் பாறை இடுக்கில் பதுங்கும். பிறகு தலையை மூடிய ஓடும் உடலும் சேரும் இடத்தில் முதுகுப்புறம் விரிசல் விழும். ஒரு உதறலில் வெளியே வந்துவிடும். மீசை வரை முழுசாக இருக்கும் கூட்டைப் பார்த்து இறால் செத்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. வெளியே வந்த இறால் துணிபோல மெத்தென்றிருக்கும். தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெருக்கிக்கொண்ட பிறகுதான் புது ஓடு இறுகும். திடீரென்று உப்பு குறைந்த தண்ணீரை ஊற்றினால், வேளை வராமலே ஓடு வெடிக்கும். கால் மாட்டிக்கொண்டு பாதியில் சாகும். மீன் அப்போதும் தீனிக்கு மேலே வந்துகொண்டிருப்பதால் தண்ணீரில் கோளாறு இருப்பதே தெரியாது.

கலவையில் ஒவ்வொரு வாரமும் ஒரே 35. உப்பின் அளவு காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் முடிந்தது.

ஆனால் கலவைக்கும் ஒரு கண்ணி உண்டு: எந்தத் தண்ணீரில் கரைக்கிறோம் என்பது. போர் தண்ணீர் வேண்டாம், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. அதிலும் இப்போது வரும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் ‘காப்பர்’ கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. மனிதருக்கு நல்லதென்று சேர்க்கும் அந்தச் செம்பு, இறாலுக்கும் நண்டுக்கும் விஷம். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே குழாய் பிரித்து எடுக்க வேண்டும். மீனின் வெண்புள்ளி நோய்க்குக் கடையில் தரும் மருந்துகள் பலவற்றிலும் செம்புதான். நோயுள்ள மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும்.

உப்பைத் தண்ணீரில் போடுங்கள். உப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும். தனி வாளியில் பம்ப் போட்டு ஒரு இரவு சுழலவிட்ட பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் திறந்த பை கட்டிதட்டிப் போகும், மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு வெறும் ஆர்.ஓ. மட்டும், உப்பு ஆவியாவதில்லை.

மண்டபம், தூத்துக்குடி பக்கம் தெளிந்த கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்த வேண்டியதில்லை. அங்கே நான் தொட்டி வைத்ததில்லை. மழை குறைந்த அந்தக் கரையில் கடல் தண்ணீரே லாபமாக இருக்கலாம். பவளத் தொட்டியும் வைத்ததில்லை. பவளமும் கடல்குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, கரையில் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது.

கடல் தண்ணீர்தான் வேண்டும் என்றால் கோடையில், கழிமுகத்தை விட்டுத் தள்ளி, படகுக்காரரிடம் சொல்லி உள்கடலில் எடுத்துவாருங்கள். மூடிய கேனில் இருட்டில் இரண்டு வாரம் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் செத்து அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் வடித்து, காற்று ஓட்டி, அம்மோனியாவும் உப்பும் சோதித்த பிறகு ஊற்றுங்கள்.