சி.டி. பயாப்சி: டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், புக்கிங் கவுண்டருக்கு ஒன்று

பெங்களூரில் உள்ள பெரிய தனியார் ஆஸ்பத்திரி. பெயர் போடவில்லை. அப்பாவின் நுரையீரலில் இருந்த கட்டியிலிருந்து, சி.டி. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். ஊசி போட்ட டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்குள் போகும்வரை ஆளைத் தயார் செய்ய வேண்டிய ஏற்பாடு இருக்கிறதே, அது படு மோசம்.

அப்பாவுக்கு 68 வயது. இதயத்தில் ஸ்டென்ட், கூடவே சர்க்கரை. தேதி கொடுத்த கவுண்டரில் ஆதார், இன்சூரன்ஸ், அட்வான்ஸ் என்று எல்லாம் கேட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. கையில் கொடுத்த ஜெராக்ஸ் தாளில், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தெரிவிக்கவும் என்று ஒரு வரி இருந்தது. யாரிடம் என்று இல்லை. கவுண்டரிலேயே சொன்னேன். "டாக்டர் பாத்துப்பாரு மேடம்." டாக்டர் பார்த்தார், அப்பா கவுன் மாட்டி உட்கார்ந்த பிறகு. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரல் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். பட்டினியோடு அல்சூருக்குத் திரும்பினோம்.

அதன் பிறகுதான் ரேடியாலஜி சிஸ்டரின் நம்பர் கிடைத்தது. ஓசூர்க்காரர். "மாத்திரை அட்டையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா" என்றார். அனுப்பியதும் ஒரு விஷயம் வெளியே வந்தது. அப்பா சாப்பிடுவது டெப்லாட்-ஏ. க்ளோபிடோக்ரலும் ஆஸ்பிரினும் ஒன்றாகக் கலந்தது. அதை நிறுத்தினால் இரண்டுமே நின்றுவிடும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஆபத்து. இதய டாக்டரிடம் கேட்டு, க்ளோபிடோக்ரலை மட்டும் 5 நாள் முன்னதாக நிறுத்தி, ஆஸ்பிரினுக்குத் தனியாக எக்கோஸ்பிரின் 75 எழுதி வாங்கினோம். நிறுத்தலாமா என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ரத்தம் சரியாக உறைகிறதா என்று பார்க்கும் பிளேட்லெட், ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனைகளையும் முந்தைய நாளே முடிக்க வைத்தார். சாப்பாடு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம், சர்க்கரை மாத்திரை அன்று காலை வேண்டாம். கவுண்டரில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இரண்டாவது முறை 9 மணிக்கு வரச்சொல்லி, உள்ளே கூப்பிட்டது மதியத்துக்கு மேல். சுகர் பாருங்கள் என்று நாங்கள் கேட்டபிறகுதான் விரலில் குத்திப் பார்த்தார்கள். பட்டினி கிடக்கும் சர்க்கரைக்காரரை முதல் ஆளாக எடுப்பதில் என்ன கஷ்டம்? புரியவில்லை.

உள்ளே போனதும் வேறு உலகம். கழுத்து ருத்ராட்சத்தைக் கழற்றச் சொன்னார்கள். வெள்ளி அரைஞாண் படம் எடுக்கும் இடத்துக்குக் கீழே இருப்பதால் அதை விட்டுவிட்டார்கள் (அப்பாவுக்குப் பரம திருப்தி). குப்புறப் படுக்கவைப்பதற்கு முன்பே டாக்டர் மூச்சு அடக்கும் பயிற்சி கொடுத்தார். நிறைய இழுக்க வேண்டாம், எப்போதும் விடுகிற அளவுதான், ஒவ்வொரு முறையும் அதே அளவு. மூச்சு மாறினால் கட்டியும் இடம் மாறிவிடுமாம். சதை எடுக்கும் ஊசி "டக்" என்று சத்தம் போடும். அதை முதலில் வெளியே வைத்து அழுத்தி, அப்பாவுக்குக் கேட்கச் செய்தார். இல்லையென்றால் அந்தச் சத்தத்துக்கே ஆள் துள்ளியிருப்பார். மரத்துப்போக ஊசி போட்டபோது மட்டும் எரிச்சல், அப்புறம் வெறும் அழுத்தம்தான் என்றார் அப்பா.

முடிந்ததும் ஊசி போட்ட பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்தார்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே எமர்ஜென்சிக்கு வரச்சொல்லி சிஸ்டரே தமிழில் எழுதிக் கொடுத்தார்.

இதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவேனா? போவேன், ஆனால் கவுண்டரில் பணம் கட்டும் முன்பே ரேடியாலஜி நம்பரைக் கேட்டு வாங்கிவிடுவேன். அப்புறம் ஒன்று: ரிப்போர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி மாதிரி இன்னோர் இடத்தில் காட்டுவதாக இருந்தால், எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் தேவைப்படும். லேபில் எழுதிக் கேட்டால் தருகிறார்கள்.