மூன்று வரி டைரி: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய டைரி இது. விலை 399 ரூபாய். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று வரி. அன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை ராத்திரி எழுத வேண்டுமாம். "எப்ப போன் பண்ணினாலும் குறைதானப்பா சொல்லுவிய, ஒரு மாசம் எழுதிப் பாருங்க" என்றாள். சரி என்று வாங்கி வைத்தேன்.

முதலில் பொருளைப் பற்றி. அட்டை கெட்டி, தாள் வழுவழுப்பு. ஜெல் பேனாவால் எழுதினால் காய்வதற்குள் கையில் ஈஷிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பொன்மொழி, வாசித்தால் பல் கூசும். நூல் தையல் கிடையாது, வெறும் பசை. நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது செய்தவர்களுக்குத் தெரியாதுபோல. ஆனி மாத ஈரத்தில் அட்டையில் பூசணம் பிடித்தது. முதுகு விட்டு, ஜூலைப் பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன.

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவன். சொந்தமாக 300 மூடு மரம். முதல் வாரம் நான் எழுதியது பலசரக்குச் சீட்டு மாதிரி இருந்தது: "மழை. சாயா. சுகம்." அதிலும் மழை என்று எழுதியது சுத்தப் பொய். பட்டையில் தண்ணீர் வடிந்தால் பால் வெட்டை விட்டு வெளியே பரவி ஒழுகும், சிரட்டைக்கு வந்து சேராது. மழை என்றால் எனக்குக் கூலி இல்லாத நாள். எழுதியதை நானே அடித்தேன்.

மகளிடம் புலம்பியபோதுதான் விஷயம் புரிந்தது. மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியல்காரரும் கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பயிற்சி இருக்கிறது. ஒரு வாரம், ராத்திரிதோறும் மூன்று நல்லது எழுதச் சொன்னார்கள். கூடவே ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்ததாம். அந்த 'ஏன்' இந்த டைரியில் இல்லவே இல்லை! புளி விடாத மீன்கறியை 399 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஓரத்தில் இடுக்கி இடுக்கி 'ஏன்' எழுத ஆரம்பித்தேன்.

ஒருநாள் ராத்திரி முழுக்கத் தூறல். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனேன். முதல் மூட்டில் பழைய வெட்டில் உறைந்திருந்த ஒட்டுப்பாலைப் பிடித்து இழுத்தால், அறாமல் ரிப்பன் மாதிரி ஒரே இழுப்பில் வந்தது. அடியில் பட்டை காய்ந்திருந்தது. கத்தியை இடமிருந்து வலமாகச் சரித்து இழுத்தேன். வெட்டு நெடுக வெள்ளை முத்துகள் எழும்பி, ஒன்றோடொன்று கூடி, தகரத் துண்டு வழியே சிரட்டையில் சொட்டின. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன்.

ராத்திரி எழுதினேன்: "மழைக்கு நடுவில் 300 மூடும் வெட்டினேன்." ஏன்? மழைத் தண்ணீர் வெட்டில் இறங்காமல் தடுக்கிற பிளாஸ்டிக் பாவாடை, அந்த ரெயின்கார்டு ஒட்டியிருந்ததால். யார் ஒட்டியது? மே மாத வெயிலில் என் வீட்டுக்காரி. சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல பிளாஸ்டிக்கை மடித்து மடித்து மரத்தைச் சுற்றினாள். விரலில் பிடித்த பசை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ஒரு வாரம் போகவில்லை. நான் அப்போது சொன்னது, "இப்படி ஒட்டினா ஓணம் வந்துரும்" என்பதுதான்.

வாசித்துக் காட்டினேன். "இதை எழுத ஒரு புக்கு வேணுமாக்கும்?" என்றாள். ஆனால் பக்கத்தில் வந்து குனிந்து, தன் பேர் எந்த வரியில் இருக்கிறது என்று தேடினாள்.

ரப்பர் ஷீட் விலை இறங்கிய நாட்களில் மூன்று வரியும் காலிதான். அதை நிரப்பப் பொய் எழுதவில்லை.

வாங்கலாமா? வேண்டாம். ஜங்ஷன் கடையில் கோடுபோட்ட நோட்டு ஒன்று வாங்கி, நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'என்ன', அந்தப் பக்கம் 'ஏன்' என்று எழுதினால் போதும். பைண்டிங்குக்கு ஒரு நட்சத்திரமும் விட்டுப்போன 'ஏனு'க்கு ஒன்றும் குறைத்திருக்கிறேன்.

பிரிந்துபோன ஜூலைப் பக்கங்களை அவள் மிச்சமிருந்த ரெயின்கார்டு பசையால் ஒட்டித் தந்தாள். நாற்றம் இன்னும் போகவில்லை. பக்கம் ஒன்றுகூட விடவில்லை.