சிலிகான் பூசிய போலரை வாங்கலாமா?

1970களின் 13 அடி போலர் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துப்போய் உள்ளே தங்கும் வண்டி) ஒன்றின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். அனுப்பிய படங்களில் ஜன்னல் ஓரங்களிலும் ரிவெட் தலைகளிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. படுக்கை அளவு, எடை, எந்தக் கார் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அந்த வெள்ளைப் பூச்சு, அதாவது ஒழுகலை அடைக்கப் போட்ட சிலிகான் பசை, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் வண்டிக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1968இல் கனடாவின் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ கொண்டுவந்த வடிவம் இது. அதற்கு முன் ஃபைபர் கிளாஸில் செப்டிக் டேங்க் வடிவமைத்தவர் அவர். அந்தப் பழக்கம் வண்டியின் உடம்பில் தெரிகிறது. மேல்பாதி, கீழ்பாதி என இரண்டே வார்ப்புகள், இடுப்பில் ஒரே இணைப்பு. அதே காலத்து மரச்சட்ட டிரெய்லரில் அலுமினியத் தகட்டைக் கழற்றினால் சட்டம் மக்கிப்போய்க் கையோடு வரும். போலரின் சுவருக்குள் மக்குவதற்கு மரச்சட்டமே கிடையாது. வெளுத்துப்போன ஜெல்கோட்டை (ஃபைபர் கிளாஸின் வெளிப்பூச்சு) ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து மெழுகு பூசினால், ஐம்பது வருடப் பழசா என்று கேட்கும் அளவுக்குத் தெளியும். இவ்வளவு எளிமையான, இவ்வளவு நாள் தாங்கும் கூட்டை நான் வேறெதிலும் பார்த்ததில்லை.

ஆக, இந்தக் கூடு தானாக ஒழுகுவதில்லை. அதில் போட்ட துளைகள்தான் ஒழுகுகின்றன. உள்ளே இருக்கும் அலமாரிகள் வெளியிலிருந்து அடித்த 3/16 அங்குல ரிவெட்டுகளில் தொங்குகின்றன. சாதாரண பாப் ரிவெட்டின் நடுக்குழாய் வழியே தண்ணீர் இறங்கும். அதன்மேல் மாட்டிய பிளாஸ்டிக் மூடி வெயிலில் நொறுங்கியதும் மழைக்கு வழி திறந்துவிடும். உள்ளே வந்த தண்ணீர் அங்கேயே சொட்டாது. சுவரில் ஒட்டியுள்ள ஃபோம் விரிப்புக்குப் பின்னால் ஊர்ந்து, நாலு அடி தள்ளித் தரையோரத்தில் தலைகாட்டும். இதற்குள் தரையின் பிளைவுட் ஊறத் தொடங்கியிருக்கும். குளிர்காலத்தில் துளையில் நின்ற தண்ணீர் உறைந்து விரிந்தால், சுற்றியுள்ள ஜெல்கோட்டில் விரிசல் வேறு.

இதற்குத்தான் ஆளாளுக்கு சிலிகான் குழாயை எடுத்துவிடுகிறார்கள். என் கோபமெல்லாம் அதன்மேல்தான். சிலிகான்மேல் வேறெதுவும் ஒட்டாது. பழைய சிலிகான்மேல் புது சிலிகானும் சரியாக ஒட்டாது. உரித்தெடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் நிற்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் தேய்த்த கீறல்களுக்குள் சிலிகான் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அசிட்டோன் அதைக் கரைப்பதில்லை, இழுத்துப் பரப்பும்.

சரியான வரிசை இது: பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி, சிலிகான் கரைப்பான் தடவி ஊறவிட்டு, மறுபடி சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுத் துணி. பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் சிலிகான் இன்னும் இருக்கிறது. மெழுகு பூசிய இடத்திலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும், அதனால் மெழுகை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். 220 உப்புத்தாளுக்கு வேலை இதற்குப் பிறகுதான்.

அதன்பின் வேலை சுகம். உள்ளே அலமாரிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய ரிவெட்டை 3/16 பிட்டால் குடைந்து எடுங்கள். நுனி மூடிய ரிவெட்டின் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (ஒட்டும் தன்மையுள்ள மெத்தென்ற ரப்பர் பட்டை) மெல்லிய வளையமாகச் சுற்றி அடியுங்கள். எடை தாங்கும் இடத்துக்கு நியோப்ரீன் வாஷரோடு ஸ்டெயின்லெஸ் போல்ட் நல்லது. ஜன்னல் சட்டத்துக்கும் அதே டேப்தான், 1/8 அங்குலத் தடிமன். திருகுகளை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. டேப் மெதுவாகத்தான் பிதுங்கும். மறுநாள் இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு வெளியே வந்ததை நறுக்குங்கள். பியூட்டைல் இறுகிப்போகாது, வண்டி குலுங்கும்போது கூடவே அசைந்துகொடுக்கும். பத்து வருடம் கழித்துக் கழற்ற வேண்டி வந்தாலும் சுத்தமாக வரும். தானாகப் பரவும் லேப் சீலன்ட் என்ற அடைப்புப் பசையைக் கூரை வென்ட்டை (காற்றுப் போக்கி) சுற்றி மட்டும் போடுங்கள். பக்கச் சுவரில் போட்டால் வழிந்துவிடும்.

ஒழுகலைத் தேட ஹோஸ் பிடித்தால், கீழிருந்து மேலே போக வேண்டும். அதைவிட நல்ல வழி: கூரை வென்ட்டில் உள்பக்கமாகக் காற்று தள்ளும் ஃபேனைப் பொருத்தி, மற்ற இடுக்குகளை டேப்பால் அடைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிப்பது. நுரை பொங்கும் இடம்தான் தண்ணீர் நுழையும் இடம்.

ஆக்ஸில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதில் இருப்பது டார்ஷன் ஆக்ஸில், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளிருக்கும் ரப்பரே அதிர்வைத் தாங்கும் வகை. அந்த ரப்பர் வயதானால் செத்துப்போகும். வண்டி தரையில் நிற்கும்போது சக்கரக் கை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் முழு ஆக்ஸிலையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. 2,000 பவுண்டு தாங்கும், 22.5 டிகிரி கீழ்நோக்கிய கை கொண்டதாக, எலெக்ட்ரிக் பிரேக்கோடு சேர்த்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் சேஸிஸ் வளையும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் வெல்டிங் மட்டும் போதாது, மேலே தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், நண்பர் கேட்ட அந்த வண்டியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆக்ஸில் செத்த வண்டி, தரை மக்கிய வண்டி எதுவானாலும் வாங்கலாம், அவற்றுக்கு முடிவு உண்டு. ரிவெட் ரிவெட்டாக சிலிகான் சுரண்டும் வேலைக்கு முடிவு தெரியாது. ஒழுகினாலும் பரவாயில்லை, யாரும் எதுவும் பூசாத போலர் கிடைத்தால், இதைவிட விலை கூடுதலாக இருந்தாலும் யோசிக்காமல் எடுங்கள்.