குழலை உட்காரவைக்கப் புகைக்கரியா, எபாக்ஸியா?

நான் இருப்பது பென்சில்வேனியா. 18ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மன், சுவிஸ் கொல்லர்கள் உருவாக்கிய நீள ரைஃபிள் இந்த ஊர்ச் சரக்கு. போன குளிர்காலத்தில் ஒன்றை நானே கூட்டினேன்: 42 அங்குல எண்கோணக் குழல், வரியோடிய மேப்பிள் கட்டை. மருந்தையும் குண்டையும் வாய் வழியாகப் போட்டு இடிக்கிற விஷயத்தில் நம்மூர் நாட்டுத் துப்பாக்கிக்கு உறவுக்காரி.

கட்டையில் குழல் படுக்கிற காடி பாதி எடுத்தே வரும். ஆனால் குழல் ஒழுங்காக உட்காராது. அதற்கு இரண்டு வழி. காடியைக் கொஞ்சம் தளர எடுத்து, குழலுக்கு மெழுகு தடவி, எபாக்ஸி என்கிற இறுகும் பசையை ஊற்றி அழுத்திவைக்கலாம். மறுநாள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். வேலை சீக்கிரம் முடியும், ஈரமும் ஏறாது. இல்லையென்றால் பழைய வழி: குழலில் புகைக்கரி பூசி இறக்கு, தூக்கு, கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவு. காடி முழுக்க ஒரே சீராகக் கறுக்கும்வரை இதேதான். எனக்கு மூன்று வார சாயங்காலங்கள் போயின. கரியைக் கடையில் வாங்கவில்லை. அம்மா கண்மைக்குச் செய்வதுபோல விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்து, இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்தேன்.

நான் கரிக் கட்சி. காரணம் ஒன்றே ஒன்று: பிற்பாடு கழற்றித் திருத்த முடியவேண்டும்.

இந்த ரகத்தில் குழலின் அடியில் சின்னக் காதுகள் இருக்கும். கட்டையின் பக்கவாட்டிலிருந்து அவற்றுக்குள் ஆணி பாயும். மரம் பருவத்துக்குப் பருவம் அசையும் என்பதால் காதின் துளையை நீளவாக்கில் அராவி நீட்டிவைப்பார்கள். காடி ஓரத்து மரமோ அப்பளம் போல மெல்லிசு. ஊற்றும்போது எபாக்ஸி ஒரு காதுக்குப் பின்னால் புகுந்து இறுகிவிட்டால் குழல் பூட்டிக்கொள்ளும். களிமண் வைத்து அடைத்துத்தான் ஊற்றுவார்கள். ஒரு இடம் விட்டுப்போனால் போதும். நண்பர் ஒருவரின் கட்டை அப்படித்தான், இழுத்த இழுப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது.

கரி வழியில் தப்பு நடக்காதா? நடந்தது. குழலின் பின்முனை முகம் மரத்தில் முழுசாக முட்டவேண்டிய இடத்தில் ஆர்வக்கோளாறில் ஒரு சீவல் அதிகம் எடுத்துவிட்டேன். அங்கே இடைவெளி இருந்தால் சுடும்போது வரும் உதையெல்லாம் வால் (பின்முனையிலிருந்து நீளும் இரும்புப் பட்டை) திருகிலும் ஆணிகளிலும் போய் விழும். நாளடைவில் வாலுக்குப் பின்னால் மரம் பிளக்கும். மிச்சம் கிடந்த மேப்பிளில் காகிதக் கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து ஒட்டி, மறுபடி கரி பூசிச் சரிசெய்தேன். மரத்துக்கு மரம் பேசும். எபாக்ஸி இறுகியபின் திருத்தப்போனால் உளி முனைதான் போகும்.

ஆனால் கட்டை குழலின் பாதிவரை மட்டும் வரும் ஹாக்கன் பாணி அரைக்கட்டை ரைஃபிள் என்றால் நான் வாதாட மாட்டேன். அதன் குழலின் பின்முனையில் கொக்கி. ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியே கையில் வந்துவிடும். இந்தத் துப்பாக்கிகளில் போடும் கரிமருந்து விட்டுப்போகும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும், தண்ணீர் விட்டே கழுவவேண்டும். ஒவ்வொரு முறையும் குழலைக் கழற்றி வாளியில் நிறுத்துகிற துப்பாக்கிக்குப் பின்முனைப் பக்கம் எபாக்ஸி நல்லதுதான். எண்ணெய் ஊறி மரம் நைந்துபோகாது.

குறி எதில் நன்றாக விழும் என்று கேட்காதீர்கள். அந்த வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நான் சுடுபவன் இல்லை. என் துப்பாக்கியும் ஒரே ஒரு கோடையைத்தான் பார்த்திருக்கிறது.

அந்தக் கோடையில், ஜூலைப் புழுக்கத்தில் மரம் ஊதியிருக்குமோ என்று ஆணிகளைத் தட்டிக் கழற்றிப் பார்த்தேன். வாலுக்குப் பக்கத்தில் காசளவுக்கு ஒரு இடம் மட்டும் உரசிப் பளபளத்தது. கரி பூசினேன், இரண்டு சீவல். காபி ஆறுவதற்குள் குழல் திரும்ப உட்கார்ந்துவிட்டது.