பைக்காரா முதல் சிங்காரா வரை: ஒரு வாடகை வண்டிச் சேவை பற்றிய மதிப்புரை

ஊட்டிக்கு வருவோரைப் பைக்காரா ஏரியில் படகேற்றிவிட்டுத் திருப்பி அழைத்து வருவதுதான் வாடகை வண்டிகளின் வழக்கம். நாங்கள் அமர்த்திய உள்ளூர் வண்டியின் ஓட்டுநரோ, கூடலூர், தெப்பக்காடு வழியாக மசினகுடிக்கு இறங்கி, மலைமுகட்டிலிருந்து பைக்காரா நீரில் இயங்கும் சிங்காரா மின்நிலையத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தொலைவிலிருந்தே காட்டினார். நிலையத்துக்குள் அனுமதி இல்லை. ஆயினும் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து விழும் நீரின் விசை என்னவென்பது அந்தச் சரிவை நேரில் கண்டபோதுதான் எனக்கு விளங்கியது.

வழிநெடுக அவர் சொல்லிவந்த வரலாறே இச்சேவையின் சிறப்பு. 1929-இல் இந்தப் பைக்காரா நீர்மின் திட்டத்தின் வேலை தொடங்கிய காலத்தில்தான் உலகப் பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கியது. நெல் விலை சரிந்து, 1931-இல் அரசு ஊழியரின் சம்பளத்திலேயே பத்து விழுக்காடு வெட்டப்பட்ட அந்நாட்களிலும், சென்னை மாகாண அரசு பைக்காரா வேலையைக் கைவிடாமல் நடத்தி 1932-இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைக்குச் சென்றதும், அந்தப் பத்தாண்டில் அங்கே நூற்பாலைகள் பெருகியதும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

ஒன்றை மட்டும் அவர் திருத்திக்கொள்ள வேண்டும். "வேலையில்லாத ஜனங்களுக்குச் சோறு போடத்தான் சர்க்கார் இதை ஆரம்பித்தது" என்றார். "அண்ணா, மந்தம் வருவதற்கு முன்பே முடிவான திட்டம் அல்லவா இது?" என்று கேட்டேன். அமெரிக்காவில் 1935 முதல் 1943 வரை சுமார் 85 லட்சம் பேருக்கு வேலை தந்த அரசுத் திட்டம் வேலையின்மையைப் போக்கவென்றே வகுக்கப்பட்டது. பைக்காராவின் நோக்கம் மின்சாரமே. இந்த வேறுபாட்டைச் சொல்வதால் பைக்காராவின் பெருமை குறையாது. தொடங்கிய பொதுப்பணியை நெருக்கடியிலும் நிறுத்தாதது எவ்வளவு பெரிய காரியம் என்பது இன்னும் தெளிவாகும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

வண்டி சுத்தமாக இருந்தது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்குத் திரும்பும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டுநர் பதற்றமின்றி ஏறினார். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துச் சென்ற கடையில் நேரம் வீணானது. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோனால் மசினகுடியில் கூடுதலாக நிற்கலாம். மேகம் இறங்கினால் குழாய்கள் தெரியாது என்பதால், காலையிலேயே புறப்படுமாறு முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.