உளுந்துக்குக் காற்றுப்புகாப் பை: மூன்று பருவத்துக்குப் பிறகு

சித்திரையில், நெல் அறுத்த தரிசில் விதைத்த உளுந்து களத்துக்கு வந்தாலே ‘பிக்ஸ் பை வாங்கலாமா?’ என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. பிக்ஸ் (PICS) என்பது பயறை வண்டு தின்னாமல் வைக்கும் காற்றுப்புகாப் பை: வெளியே பிளாஸ்டிக் சாக்கு, உள்ளே 80 மைக்ரான் பாலித்தீன் உறை இரண்டு. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வண்டு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயறு வண்டு வயலிலேயே நெற்றின் மேல் முட்டை வைத்துவிடும். நாம்தான் அதைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். சாதாரணச் சாக்கில் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை பயறைத் துளைத்து வெளியே வரும். ஆடிக்குள் சாக்கைத் தட்டினால் மாவு கொட்டும். இந்தப் பைக்குள் இருக்கிற ஆக்சிஜனைப் பூச்சியே மூச்சு விட்டுத் தீர்த்துவிடுகிறது. அப்புறம் தின்னாது, பெருகாது, காய்ந்து சாகும். நாலு மாதம் கழித்துப் பிரித்தால் பயறின் மேல் வெள்ளைப் பொட்டாக முட்டை ஒட்டியிருக்கிறது, புது ஓட்டையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மருந்து வில்லையும் வேண்டாம், முளைப்பும் கெடவில்லை.

ஆனால் வெளியிலிருந்து காற்று வராத பையிலிருந்து உள்ளேயிருக்கும் ஈரமும் போகாது. உளுந்து 9, 10 சதவீத ஈரத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். பாட்டிலில் உப்போடு போட்டுக் குலுக்கும் சோதனையை நம்பாதீர்கள்; ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல் போனால்தான் உப்பு கண்ணாடியில் ஒட்டும். மீட்டரில் பாருங்கள். களத்துச் சூட்டோடும் கட்டக் கூடாது, உறையில் வியர்த்துவிடும்.

கொட்டுவதற்கு முன் உறையில் காற்றை நிரப்பி வாயை முறுக்கி அமுக்குங்கள். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும். செத்தையும் காம்பும் போகப் புடைத்துப் போடுங்கள், அதில் ஒன்று குத்தினாலும் போச்சு. பையைக் குலுக்கி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மேலே ஒன்றரைச் சாண் விட்டு முறுக்கி, மடக்கி, ஒவ்வொரு உறையையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். சணல் வழுக்கும், பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினால் நகராது. அடியில் பலகை போடுகிறவர்கள் ஆணி தலை நீட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள். எலிக்கு இந்தப் பை ஒரு பொருட்டே இல்லை.

இதுவரை நியாயமாகப் பேசினேன். இனி எரிச்சல்.

பை வீட்டை விட்டு நகர்ந்தால் கதை முடிந்தது. லோடுமேனிடம் ‘கொக்கி போடாதீங்கண்ணே’ என்றால் ‘சரி தம்பி’ என்பார், அடுத்த மூட்டையில் கொக்கி விழும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வழுவழுவென்று 50 கிலோ, பிடிக்க ஒரு இடம் கிடையாது. உறைக்கு இத்தனை யோசித்தவர்கள் வெளிச்சாக்கின் மூலையில் ஒரு காது வைத்துத் தைத்திருந்தால் என்ன? கொக்கியில் தப்பினால் மண்டியில் மாதிரி எடுக்கும் வியாபாரியின் குத்தூசி காத்திருக்கிறது. கோணியில் குத்திய இடத்தைக் கையால் தேய்த்தால் சணல் கூடிக்கொள்ளும். பாலித்தீன் அப்படிக் கூடிக்கொள்ளாது. பயறுத் தூசு படிந்த உறையில் டேப்பும் நிற்காது. ஒரே குத்தில் மூன்று பருவம் வர வேண்டிய பை வெறும் சாக்காகிவிடுகிறது.

இதற்கு எல்லாரும் சொல்லும் வழி, ஏற்றும் முன் கோணிக்கு மாற்றிக் கட்டுவது. ஆள் கூலி தனி. மாற்றும்போது தார்ப்பாய் விரிக்காவிட்டால் வண்டிடம் மிச்சம் பிடித்ததைத் தரைக்குக் கொடுக்கிறோம். லாரித் தளத்தின் பலகை இடுக்குக்கும் இன்னொரு தார்ப்பாய் வேண்டும்.

விலையோ கோணியைப் போலப் பல மடங்கு. அதனால் கேட்டவர்களுக்கு என் பதில்: விற்கிற உளுந்துக்கு வாங்காதீர்கள். வீட்டுச் செலவுக்கும் வேண்டாம். வாரத்துக்கொரு தடவை பிரித்தால் ஒவ்வொரு தடவையும் காற்று ஏறும். அதற்குப் பருப்பாக உடைத்து வைத்தாலே போதும், உடைத்ததில் பயறு வண்டு அவ்வளவாக ஏறாது.

விதை உளுந்துக்கு மட்டும் நாலு பை புதிதாக வாங்கியிருக்கிறேன். அவற்றை யாரும் தூக்கப் போவதில்லை.