முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்க: ஒரு பூப்பந்து ஆட்டக்காரனோட ரிவ்யூ

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்களப் பத்தி "செம, அவசியம் போங்க"ன்னு ஒத்த வரில எழுதிட்டுப் போயிடுறாங்க, ஆனா உள்ள போய் எத எப்படிப் பாக்கணும்னு யாரும் சொல்றதில்ல, அதான் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். எனக்கு ஊரு தேவகோட்டைப் பக்கம். பழைய எனாமல் மங்குச் சாமான் சேக்குறது ரொம்ப நாள் பழக்கம், தட்டு, அடுக்கு கேரியர், மூடி போட்ட கிண்ணம், இதுங்கதான் என் லைன். கூடவே நான் ஸ்கூல்லயும் காலேஜ்லயும் பூப்பந்து ஆடுனவன், அதுக்கும் இந்தக் கடைங்களுக்கும் நெறயவே சம்பந்தம் இருக்கு.

பூப்பந்துன்னா ஷட்டில் இல்லங்க. மஞ்சக் கம்பளிப் பந்து, டீமுக்கு அஞ்சு பேரு, 24 மீட்டர் நீளம் 12 மீட்டர் அகலத்துல கோர்ட்டு. பந்து 27லேந்து 30 கிராம் வெயிட்டுதான், பேட்டால சீவி விட்டா காத்துலயே போக்கு மாறும், கீழ விழுறதுக்குள்ள எடுக்கணும். பந்தையே பாத்துக்கிட்டு நின்னா லேட்டாயிடும், எதிராளி மணிக்கட்டப் பாருடான்னு எங்க பி.டி. சார் கத்திக்கிட்டே இருப்பாரு. அந்தப் பழக்கம் இன்னும் போகல. கடைக்காரர் வாயால சொல்ற வெலைய விட அவரு கையத்தான் நான் பாப்பேன். எந்தப் பொருள அவரு ஒத்தக் கையால தூக்கி வைக்கிறாரு, எத ரெண்டு கையாலயும் ஏந்தி எடுக்குறாருன்னு பாத்தாலே போதும், அந்தக் கடைல எது ஒசத்தின்னு பாதி தெரிஞ்சுடும்.

இந்தச் சாமானெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னா, நகரத்தார் வீட்டுப் பெரியவங்க பர்மா, மலேயா, சிலோன்னு கொண்டுவிக்க, அதாவது யாவாரத்துக்குப் போன காலத்துல பொண்ணுக்குச் சீர் சாமானா டஜன் கணக்குல வாங்கிக் குமிச்சது. ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் மங்கெல்லாம் அப்படித்தான் நம்ம பக்கம் வந்துச்சு. அப்புறம் 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்துட்டான், 1960கள்ல அங்க எல்லாத்தையும் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, இங்க பிள்ளைங்க மெட்ராஸ் வெளிநாடுன்னு போயிட்டாங்க, பெரிய வீடு பங்காளிங்களுக்குள்ள பங்கு பிரிஞ்சுச்சு, மிச்சமெல்லாம் இந்தத் தெருவுக்கு வந்துருச்சு. பித்தளைச் சாமானத் திருப்பிப் பாத்தா வீட்டுக்காரங்க விலாசம், அதாவது குடும்பப் பேரோட மொதலெழுத்துங்க, எழுத்து எழுத்தா வெட்டிருக்கும். நான் வாங்குறனோ இல்லையோ அந்த எழுத்த சின்ன நோட்டுல குறிச்சு வச்சுக்குவேன். ஒரு கடைக்கார அண்ணன் "என்ன தம்பி, கணக்கெடுக்க வந்தீகளா"ன்னு கேட்டாரு, விஷயத்தச் சொன்னதும் உள்ள போய் பரண்ல கெடந்த நாலஞ்சு தூக்குச்சட்டிய எடுத்தாந்து அவரே வாசிச்சுக் காட்டுனாரு. இந்த மாதிரி மனுஷங்களுக்காகவே அங்க போகலாம்.

மங்கு வாங்குறவங்க மொதல்ல தட்டக் கவுத்து அடில சீல் பாருங்க. அப்புறம் நகத்த விளிம்பச் சுத்தி மெதுவா ஓட்டுங்க, கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்துக்குத் தெரியும். சில்லு பேந்த எடத்துல உள்ள இருக்க இரும்பு கறுத்து, சுத்தியும் துரு லேசா ஊறிருந்தா அது காலத்தால வந்தது. துருவே சிவப்பா பொடிப்பொடியா உதிர்ந்தா சமீபத்துல தண்ணில போட்டு எடுத்ததா இருக்கலாம், யோசிங்க. பெரிய பாத்திரத்துக்குள்ள போன் டார்ச் அடிச்சு வெளிய பாத்தா ஊசி ஓட்டை இருந்தா வெளிச்சம் காட்டிக் குடுத்துரும். முக்கியமா இத எல்லாம் அலமாரிக்குத்தான் வாங்கணும், பழைய எனாமல் கலர்ல ஈயம், கேட்மியம் இருக்க வாய்ப்புண்டு, அதுவும் செவப்பு, மஞ்ச, ஆரஞ்சு. புளிக்குழம்பு ஊத்தி வைக்கிற வேலையே வேணாம்.

படங்கள்ல ரவி வர்மா படம்னு நெறய மாட்டிருப்பாங்க. அவரோட அச்சகம் பம்பாய்ல 1894ல ஆரம்பிச்சது, அந்தக் காலப் படம் கல்லச்சுல, அதாவது கல்லு மேல வரைஞ்சு அச்சடிச்சு வந்தது. போன் கேமராவ நல்லா ஜூம் பண்ணுங்க, புள்ளிங்க தாறுமாறா கைவேலை மாதிரி இருந்தா நல்லது, வரிசையா ஒரே அளவுல கட்டம் கட்டுன மாதிரி இருந்தா அது இந்தக் கால ஆப்செட்டு மெஷின் அச்சு. ஜரிகையும் துணியும் ஒட்டி அலங்காரம் பண்ண படம் கெடச்சா விடாதீங்க.

திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு சாவியோட கெடைக்கும், அங்கயே நாலு தடவ பூட்டித் தொறந்து பாத்துட்டு வாங்குங்க.

குறைன்னு சொன்னா, பல பொருள்ல வெலைச் சீட்டு இல்ல, ஆள் பாத்து வெல சொல்றதும் நடக்குது. வெளியூர்லேந்து புதுசா செஞ்சு வந்த மரப் பொம்மையையும் தூணையும் பாலிஷ் போட்டு நூறு வருஷப் பழசுன்னு ஒரு கடைல எங்கிட்ட அடிச்சுச் சொன்னாங்க, அடில மெஷின் அறுத்த கோடு அப்படியே இருந்துச்சு. இது சரியில்லங்க, உண்மையான பழசு வச்சிருக்க பக்கத்துக் கடைக்காரங்களுக்குத்தான் கெட்ட பேரு. சிங்கப்பூர் மலேசியாவுலேந்து வர்ற சொந்தக்காரங்களுக்கும் ஒன்னு சொல்லிருங்க, நூறு வருஷம் தாண்டுன கலைப்பொருள வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972 சட்டத்துல தடை இருக்கு.

வெல பேசுறதுலயும் பூப்பந்துப் புத்திதான். மொதல் பந்தையே ஓங்கி அடிக்கிறவன் பெரும்பாலும் வெளியதான் அடிப்பான். ரெண்டு மூணு கடைய சுத்திட்டு, புடிச்சத எடத்துலயே வச்சுட்டு, டீ குடிச்சுட்டு திரும்பி வாங்க. என் வீட்டுக்காரம்மா ஒரு தட்டுக்கு இவ்வளவு நேரமான்னு கேப்பாங்க, ஆனா வீட்ல இருக்க ஒவ்வொரு தட்டயும் இந்த நெதானத்துலதான் சேத்தேன். சின்ன மங்குத் தட்டு சில நூறு ரூபாய்க்கே அமையும், அடுக்கு கேரியர் முழு செட்டா மூடி, கிளிப்போட இருந்தா கூடக் குடுத்தாலும் தகும்.

என்னக் கேட்டா அஞ்சுக்கு நாலு ஸ்டார். பேக்கிங்குக்கு பேப்பர்தான் சுத்திக் குடுப்பாங்க, அதனால ரெண்டு பழைய வேட்டிய கையோட எடுத்துட்டுப் போங்க, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல துணி குடுத்துக் கட்டுனாதான் பஸ்ல விளிம்பு பேராம வரும்.